விலையைக் காணோம்!

பணி ஓய்வு பெற்ற குடும்பத் தலைவனுக்கு வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்க மூன்று உத்தியோகங்கள் இருக்கின்றன. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகலாம். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பலாம். ஷேர் மார்க்கெட்டில் இறங்கலாம். எங்கள் குடியிருப்பில் செயலாளர் நாற்காலி இப்போதைக்குக் காலியாகிற மாதிரி தெரியவில்லை. காலை வணக்கத் துறையிலோ, நாலு மணிக்கே ரோஜாப்பூவோடு எழுந்துவிடுகிறவர்கள் இருப்பதால் போட்டி கடுமை. மூன்றாவது துறைதான் ஆதார், பான், ஒரு செல்ஃபி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, 'உனக்கு இதில் என்ன தெரியும்?' என்று ஒரு வார்த்தை கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொண்டது.

ஷேர் வாங்குகிறவர்களில் இரண்டு வகை. ஒரு வகையினர் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிப்பார்கள். கடன் எவ்வளவு, லாபம் எவ்வளவு, நிர்வாகம் யோக்கியமா என்றெல்லாம் துருவுவார்கள். இன்னொரு வகையினருக்குக் கம்பெனி சிமென்ட் செய்கிறதா செருப்பு தைக்கிறதா என்பதே தெரிய வேண்டியதில்லை. விலை எப்படிப் போகிறது, வால்யூம் எவ்வளவு, இரண்டு போதும். வாழ்நாள் முழுவதும் ஃபைல் படித்தே தேய்ந்த கண்கள் என்னுடையவை. ஆகவே படிக்க வேண்டாத இரண்டாவது வகையில் சேர்ந்தேன். இதற்கு டெக்னிக்கல் அனாலிசிஸ் என்று பெயர். பெயரே பாதி மரியாதையை வாங்கித் தந்துவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் எதையும் விட்டு வைக்கிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. சார்ட் பார்க்கும் ஆப்பில் நூற்றுக்கணக்கில் இன்டிகேட்டர்கள் சும்மா கிடந்தன. ஒவ்வொன்றாகத் தட்டத் தட்டத் திரை நிறைந்தது. பொங்கல் லீவுக்கு வந்த மகன் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"அப்பா, எல்லாம் நல்லா இருக்கு. இதுல ஷேர் விலை எங்கே?"

தேடினேன். மூன்று மூவிங் ஆவரேஜ், போலிஞ்சர் பேண்ட், இச்சிமோக்கு மேகம், நடுவில் ஃபிபனாச்சி கோடுகள் என்று எல்லாம் இருந்தன. விலை மட்டும் இல்லை.

"காலையில இங்கேதாண்டா இருந்தது" என்றேன்.

என் திரையில் குடியிருப்பவர்களை வாசகர்களுக்கு ஒவ்வொருவராக அறிமுகப்படுத்திவிடுகிறேன். முதலில் கேண்டில். ஒரு நாளைக்கு ஒரு மெழுகுவத்தி. காலை 9.15க்கு 200 ரூபாயில் தொடங்கிய ஷேர் நடுவில் 212 வரை ஏறி, 196 வரை இறங்கி, 3.30க்கு 208இல் முடிந்தால், 200க்கும் 208க்கும் நடுவே பச்சை உடம்பு. மேலே 212 வரை ஒரு திரி, கீழே 196 வரை ஒரு திரி. தொடங்கிய விலைக்குக் கீழே முடிந்தால் உடம்பு சிவப்பு. இந்த மெழுகுவத்தி ஜப்பானிய அரிசி வியாபாரிகளின் வழியில் வந்தது என்பார்கள். ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தையில் முன்பேர வணிகம் நடத்த 1730இலேயே ஷோகன் அரசு அனுமதி கொடுத்துவிட்டது. அந்த நூற்றாண்டில் வாழ்ந்த ஹொம்மா முனெஹிசா என்ற அரிசி வியாபாரியை இந்தக் கலையின் பிதாமகராகக் கொண்டாடுவது வழக்கம். 1991இல் ஸ்டீவ் நிசன் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு உலகம் முழுக்க மெழுகுவத்தி ஏற்றிவிட்டது.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசியில்தான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அவருக்கு விலை இறங்கினாலும் அரிசியாவது மிஞ்சும்" என்றாள்.

கேண்டில்களில் வடிவங்கள் உண்டு. சின்ன உடம்பு, கீழே நீளமான திரி. இறங்கி வந்த விலையின் அடியில் இது தோன்றினால் இதன் பெயர் சுத்தியல், இனி ஏறும். ஏறிப்போன விலையின் உச்சியில் அதே உருவம் வந்தால் பெயர் தூக்கில் தொங்குபவன், இனி இறங்கும். இன்று நான் பார்ப்பது அடியா, உச்சியா என்பது அடுத்த வாரம்தான் தெரியும். தெரிந்த பிறகு சுத்தியலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? "கொண்டாங்க, புதுக் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கணும். ஒரு வாரமா சொல்றேன்" என்றது சமையலறை.

அடுத்தவர் மூவிங் ஆவரேஜ். கடைசி 20, 50, 200 நாள் விலைகளின் சராசரியை எடுத்து, தினமும் பழைய நாள் ஒன்றைத் தள்ளிப் புது நாள் ஒன்றைச் சேர்த்து வரையும் கோடு. 50 நாள் கோடு 200 நாள் கோட்டைக் கீழிருந்து வெட்டி மேலே போனால் தங்கச் சந்திப்பு. மேலிருந்து வெட்டிக் கீழே இறங்கினால் மரணச் சந்திப்பு. இவர் நிதானமான பெரியவர். எவ்வளவு நிதானம் என்றால், 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 1,135 புள்ளிகள், அதாவது சுமார் 13 சதவீதம் விழுந்தது. நாடே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த நாள். அந்த வீழ்ச்சியை 200ஆல் வகுத்தால் 200 நாள் சராசரிக்குக் கிடைத்த அதிர்ச்சி ஆறு புள்ளிகூடத் தேறாது. வீடு பற்றி எரிந்தாலும் 'லேசாகப் புழுங்குகிறதே' என்பார்.

அவசரக்காரர்களுக்காக எக்ஸ்பொனென்ஷியல் ஆவரேஜ் என்று இன்னொன்று இருக்கிறது. புதிய விலைக்கு எடை அதிகம், பழையதற்குக் குறைவு. ஆக, ஒரே ஷேருக்கு இரண்டு கோடுகள், இரண்டு தீர்ப்புகள். நமக்கு இது புதிதா என்ன? வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று வீட்டில் இரண்டையும் மாட்டி வைத்திருக்கிறவர்கள் நாம். 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ அன்று பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் என்றது. கெட்ட பலன் வாய்த்த ராசிக்காரர்கள் வாக்கியத்துக்கும், நல்ல பலன் வாய்த்தவர்கள் திருக்கணிதத்துக்கும் மாறிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான். விற்க மனமில்லாத அன்று சிம்பிள் என்கிற சாதா ஆவரேஜ், வாங்கத் துடிக்கிற அன்று எக்ஸ்பொனென்ஷியல்.

மூன்றாமவர் ஆர்எஸ்ஐ. என் செல்லப்பிள்ளை. இவரைப் பெற்றவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். அடிப்படையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். 1978இல் வெளியிட்ட ஒரே புத்தகத்தில் ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ், ஏடிஆர், பாராபாலிக் எஸ்ஏஆர் என்று இன்றைக்கும் புழங்குகிற பலவற்றைப் பெற்றுப் போட்ட மகானுபாவர். கணக்கு எளிது. 14 நாளில் ஏறிய நாட்களின் ஏற்றத்தைக் கூட்டி 14ஆல் வகுக்க வேண்டும். இறங்கிய நாட்களின் இறக்கத்தையும் அப்படியே. ஏற்றம் சராசரி 3 ரூபாய், இறக்கம் 1 ரூபாய் என்றால் விகிதம் 3. அதோடு ஒன்றைக் கூட்டினால் 4. நூறை நாலால் வகுத்து நூறிலிருந்து கழித்தால் 75. எழுபதுக்கு மேல் போனால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள் என்று பொருள். முப்பதுக்குக் கீழே இறங்கினால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள்.

"அப்போ எழுபத்தஞ்சுன்னா வித்துடணும்" என்றாள் மனைவி, கணக்கு முடிந்ததும்.

"விக்கணும்தான். ஆனா டிரெண்ட் பலமா இருந்தா எழுபதுக்கு மேலேயே வாரக்கணக்கா உட்கார்ந்திருக்கும். அப்போ வித்தா நஷ்டம்."

"சரி, விக்க வேண்டாம்."

"விக்காம இருந்தா நாளைக்கே இறங்கலாம்."

"இதைச் சொல்றதுக்கா அந்த மனுஷன் இன்ஜினியரிங் படிச்சாரு?"

வைல்டர் சொன்ன 14 எனக்குச் சாதகமாகப் பேசாவிட்டால் அதை 9 ஆக்கலாம், 21 ஆக்கலாம். ஆப்பில் அதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொத்தான் இருக்கும்வரை எந்த ஆர்எஸ்ஐயும் என்னை எதிர்த்துப் பேச முடியாது. அதற்கும் மசியாவிட்டால் டெய்லி சார்ட்டை விட்டு வீக்லி சார்ட்டுக்குப் போய்விடுவேன். அன்றே விற்றுவிடும் இன்ட்ராடே என்று சொல்லிக் காலையில் வாங்கிய ஷேர் மூன்று மணிக்குச் சிவந்தால், மூன்றரைக்குள் அது டெலிவரியாக மாறி, பேரன் கல்யாணத்துக்கான நீண்டகால முதலீடாகப் பதவி உயர்வு பெற்றுவிடும்.

அடுத்து எம்ஏசிடி, ஜெரால்ட் அப்பெல் 1970களில் கொடுத்தது. 12 நாள் எக்ஸ்பொனென்ஷியலிலிருந்து 26 நாள் எக்ஸ்பொனென்ஷியலைக் கழித்து, வந்ததற்கு 9 நாள் சராசரி ஒன்று எடுத்து, இரண்டும் எங்கே வெட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். போலிஞ்சர் பேண்ட், ஜான் போலிஞ்சர் 1980களில் கொடுத்தது. 20 நாள் சராசரிக்கு மேலே இரண்டு திட்ட விலக்கம், கீழே இரண்டு திட்ட விலக்கம் என்று இரு கரைகள். சந்தை தூங்கினால் கரைகள் நெருங்கும், விழித்தால் விரியும். நெருங்கிய கரைகள் சீக்கிரம் ஒரு பெரிய நகர்வு வரப்போகிறது என்று சொல்லும். மேலேயா, கீழேயா என்று மட்டும் கேட்கக் கூடாது.

இச்சிமோக்குவைத் தந்தவர் கொயிச்சி ஹொசோடா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர். அவருடைய எண்கள் 9, 26, 52. அந்த நாளில் ஜப்பானில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை. 26 என்பது ஒரு மாதக் கணக்கு. நம் சந்தைக்கு வாரத்தில் ஐந்தே நாள். ஆனாலும் 26ஐ மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன், முன்னால் இருந்தவர் போட்ட குறிப்பை மாற்றிப் பழக்கமில்லை. இதில் விலை ஒரு மேகத்துக்கு மேலே இருந்தால் நல்லது, கீழே இருந்தால் கெட்டது. "மேகம் அடர்த்தியா வருது, இன்னைக்குத் தப்பிக்கிறது கஷ்டம்" என்று ஒருநாள் ஹாலில் நான் முனகியதைக் கேட்டு, மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தை எல்லாம் மனைவி அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த மாதம் வீட்டில் எனக்கு ஏற்பட்ட மதிப்பிழப்பை எந்தப் போலிஞ்சர் கரைக்குள்ளும் அடக்க முடியாது.

இனி வால்யூம். சார்ட்டின் அடியில் குட்டையும் நெட்டையுமாக நிற்கும் கம்பங்கள். ஒரு நாளில் எத்தனை ஷேர் கைமாறியது என்ற கணக்கு. விலை ஏறும்போது கம்பமும் உயர்ந்தால் ஏற்றத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறது; விலை மட்டும் ஏறி, கம்பம் குட்டையாகிக்கொண்டே வந்தால் கூட்டம் கலைகிறது. நான் ஷேர் வாங்கிய ஒரு நாளில் கம்பம் பனைமரம் போல் நின்றது. அன்று கைமாறிய லட்சக்கணக்கான ஷேர்களில் என் பத்தும் சேர்த்தி. அந்தக் கம்பத்தைப் பெரிதாக்கி வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். என் பத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று மகன் கேட்டான். அஸ்திவாரத்தில் என்றேன்.

வால்யூமைப் பிரபலப்படுத்தியவர் ஜோ கிரான்வில். 1963இல் ஆன் பேலன்ஸ் வால்யூம் என்ற ஓபிவியை வெளியிட்டார். இதைவிட எளிதான இன்டிகேட்டர் கிடையாது. விலை ஏறிய நாளின் வால்யூமைக் கூட்டு, இறங்கிய நாளின் வால்யூமைக் கழி. திங்கள் ஏறியது, 5 லட்சம் ஷேர், கணக்கு 5. செவ்வாய் இறங்கியது, 2 லட்சம், கணக்கு 3. புதன் ஏறியது, 4 லட்சம், கணக்கு 7. விலை அசையாமல் ஓபிவி மட்டும் ஏறினால் யாரோ சத்தமில்லாமல் வாங்குகிறார்கள் என்று ஊகம். ஒரு சங்கடம் உண்டு. அன்று ஷேர் ஐந்தே பைசா ஏறியிருந்தாலும் ஒட்டுமொத்த வால்யூமும் கூட்டல் பக்கம் போய்விடும். ஐந்து பைசா இறங்கியிருந்தால் அத்தனையும் கழித்தல்.

கிரான்வில் சாதாரண ஆள் இல்லை. பியானோ வாசிக்கும் சிம்பன்சியோடு மேடையேறியவர். 1981 ஜனவரியில் ஒரு ராத்திரி, எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று தன் சந்தாதாரர்களுக்குத் தகவல் கொடுத்தார். மறுநாள் அமெரிக்கச் சந்தை அதுவரை காணாத வால்யூமில் விற்றுத் தள்ளியது. டவ் ஜோன்ஸ் சுமார் 24 புள்ளிகள் விழுந்தது. அன்றைய அளவுக்கு அது பெரிய அடி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே சந்தை பல்லாண்டு ஏற்றத்தைத் தொடங்கியபோது கிரான்வில் இன்னும் விற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தான் பெற்ற இன்டிகேட்டரே தனக்கு அடங்கவில்லை என்றால், தத்தெடுத்த எனக்கு எப்படி அடங்கும்?

நம் ஊரில் வால்யூமைப் பார்க்கிறவர்கள் கூடவே பார்க்க வேண்டிய ஒன்று டெலிவரி சதவீதம். தேசியப் பங்குச் சந்தை இதைத் தினமும் வெளியிடுகிறது. கைமாறிய ஷேர்களில் எத்தனை உண்மையில் ஒருவர் டீமேட் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போயின, எத்தனை காலையில் வாங்கி மாலையில் விற்ற வெறும் சத்தம் என்பது அதில் தெரியும். சின்னக் கம்பெனிகளில் நாலு பேர் தங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி விற்று வாங்கிக் கம்பத்தை உயர்த்த முடியும். பிறகு டெலிகிராமில் 'ராக்கெட்' என்று செய்தி வரும். ஷேர் தினமும் அன்றைக்கு அனுமதித்த உச்சமான அப்பர் சர்க்யூட்டைத் தொடும். ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி எல்லாம் ஒரே குரலில் வாழ்த்தும். நம்மைப் போன்றவர்கள் ஏறியதும் வண்டி அன்றைய அடி வரம்பான லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் பயன் இல்லை. நாம் விற்க, எதிரே வாங்க ஓர் ஆள் வேண்டுமே.

இத்தனை பேரையும் பக்கத்தில் வைத்துப் பழகியதில் ஒன்று விளங்கியது. இவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தொடக்க விலை, உச்ச விலை, அடி விலை, முடிவு விலை, வால்யூம் என்ற ஐந்து எண்களைத்தான் வேறு வேறு விதமாகக் கூட்டிக் கழிக்கிறார்கள். ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, இச்சிமோக்கு மூன்றும் 'வாங்கு' என்றால் மூன்று சாட்சிகள் வந்துவிட்டதாக நான் மகிழ்வேன். வந்தது ஒரே சாட்சிதான்; சட்டை மாற்றிக்கொண்டு மூன்று தடவை கூண்டில் ஏறியிருக்கிறார். மனைவி இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "நீங்க முடிவு பண்ணிட்டு அப்புறமா சார்ட்டைக் கேக்குறீங்க."

பர்ட்டன் மால்கியல் என்ற பேராசிரியர் 1973இல் எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மாணவர்களை நாணயம் சுண்டச் சொன்னார். 50 டாலரில் தொடங்கும் ஒரு கற்பனை ஷேர். தலை விழுந்தால் அரை டாலர் ஏற்றம், பூ விழுந்தால் அரை டாலர் இறக்கம். அப்படி வந்த சார்ட் ஒன்றை, சார்ட் பார்த்தே தொழில் செய்யும் நண்பரிடம் காட்டினார். அவர் துள்ளி எழுந்து, இது எந்தக் கம்பெனி, உடனே வாங்க வேண்டும், அடுத்த வாரம் 15 புள்ளி ஏறும் என்றாராம். இதைப் படித்துச் சிரித்து முடித்த பிறகு எனக்கு எழுந்த முதல் கேள்வி, அந்த நாணய ஷேரின் ஆர்எஸ்ஐ எவ்வளவு இருந்திருக்கும் என்பதுதான். இந்த நோய்க்கு மருந்து கிடையாது.

அப்படியானால் இன்டிகேட்டர்கள் தண்டமா? ஜோசியம் கேட்டால் தண்டம். அளவு கேட்டால் உதவும். வைல்டரின் அதே புத்தகத்தில் ஏடிஆர் என்று ஓர் அடக்கமான பிள்ளை இருப்பதாகச் சொன்னேனே, அது ஏறும் இறங்கும் என்று எதையும் சொல்லாது. இந்த ஷேர் ஒரு நாளைக்குச் சாதாரணமாக எவ்வளவு ஆடும் என்பதை மட்டும் சொல்லும். 200 ரூபாய் ஷேரின் ஏடிஆர் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 197இல் ஸ்டாப் லாஸ் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே, ஒரு காரணமும் இல்லாமல் அடித்துவிடும். இரண்டு மடங்கு, 12 ரூபாய் கீழே, 188இல் போடலாம். இந்தப் பேரத்தில் எவ்வளவு தோற்கத் தயார்? 600 ரூபாய் என்றால் 600ஐ 12ஆல் வகுத்து 50 ஷேர் வாங்கலாம். 51வது ஷேர் கூடாது. அந்த 600ஐ நிர்ணயிக்கும் அதிகாரம் எங்கள் வீட்டில் என்னிடம் இல்லை. ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதுகள் இருக்கும் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இருக்கிறது. என் கணக்கு இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுதான் டெக்னிக்கல் காரணம்.

ஆகவே வாசகர்களுக்கு என் தாழ்மையான விண்ணப்பம். திரையில் விலைக்கு ஓர் இன்டிகேட்டர், வால்யூமுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். வாங்கும் முன்பே வெளியேறும் விலையைக் காகிதத்தில் எழுதி, உங்கள் பேச்சைக் கேட்காத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள். எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் கணக்குக் காட்டியிருக்கிறது. நூற்றில் மீதி ஏழு பேரில் நீங்களும் ஒருவர் என்று ஏதாவது ஓர் இன்டிகேட்டர் சொன்னால், முதலில் அதைத் திரையிலிருந்து நீக்கிவிடுங்கள்.